கிராஸிங்கில் நின்ற ரெயில்

சென்ற மாதம் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூடத்தில் காலை வைக்கப் போனேன். "மாமா, தண்டவாளம்! பார்த்து!" என்று ஒரு குரல் அலறிற்று. தூக்கிய காலைத் தூக்கியபடியே நின்றேன்.

கூடம் முழுவதும் ரெயில்பாதை. நாற்காலிக் கால்களுக்கு நடுவே வளைந்து, டெலிவிஷன் மேஜைக்கு அடியில் புகுந்து, சமையலறை வாசற்படி வரையில் போய்த் திரும்பிக்கொண்டிருந்தது. நடுவழியில் அட்டையில் வெட்டி ஒட்டிய ஒரு ஸ்டேஷன். அதற்கு ஒரு மஞ்சள் பலகை. அதில் கறுப்பு எழுத்தில் 'கிள்ளை' என்று எழுதியிருந்தது.

எனக்கு உண்டான சந்தோஷத்தை வெளியில் காட்டிக்கொள்ள முடியவில்லை. நண்பரின் முகம் அப்படி இருந்தது.

"நீங்களே சொல்லுங்க சார். பத்தாவது படிக்கிறான். காலாண்டுப் பரீட்சையில கணக்குல முப்பத்தெட்டு. நாலு மார்க் குறைஞ்சிருந்தா பெயிலு. ராத்திரி பதினோரு மணிக்கு எழுந்து பார்த்தா, போர்வைக்குள்ள டார்ச் லைட்டை வெச்சுக்கிட்டு அட்டை வெட்டிக்கிட்டிருக்கான். எல்லாத்தையும் மூட்டை கட்டிப் பரண்ல போட்டுடலாமான்னு பார்க்கிறேன்."

"முன்னெல்லாம் ராத்திரி எந்நேரமும் செல்போனைப் பார்த்துக்கிட்டிருந்தான். அதுக்கு இது தேவலைதானேங்க?" என்று காபியோடு வந்த அம்மாள் சொன்னாள்.

பையன் சும்மா இருக்கவில்லை. "ஜெயகாந்தன் அஞ்சாங்கிளாஸ்தான் படிச்சாரு. அவரும் இந்த ஊர்தானே மாமா?" என்றான்.

"அவர் பொம்மை ரெயில் விட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கலைடா" என்றார் அப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பஞ்சாயத்து என் தலையில் விழுந்தது. கதை எழுதுகிறவனுக்கு உலகத்து நியாயமெல்லாம் தெரியும் என்று நம் ஜனங்களுக்கு ஒரு நம்பிக்கை. எட்டு நாள் தவணை கேட்டுக்கொண்டு வந்தேன். அந்த எட்டு நாளில் யோசித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

பையன்களுக்கு ரெயிலின் மேல் இருக்கும் மோகம் எங்கிருந்து வந்தது? பஸ்ஸின் மேல் இல்லை; லாரியின் மேல் இல்லை. அவையும் ஓடத்தான் செய்கின்றன. ஆனால் பஸ் எந்தத் தெருவிலும் திரும்பிவிடும். ரெயிலுக்கு ஒரே பாதை, வேளை, கட்டுப்பாடு. ஒரு கொடி அசைந்தால் அத்தனை பெரிய இரும்பு மலை நகருகிறது. ஒரு கை இறங்கினால் வருகிறது, ஏறினால் நிற்கிறது. வீட்டில் யாருமே தன் பேச்சைக் கேட்காத வயசில் இருக்கும் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

தென்னாட்டில் முதல் ரெயில் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் முதல் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடுக்கு ஓடிற்று. தெற்கே நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய வேறொரு பாதை 1862-இல் திருச்சிராப்பள்ளியைத் தொட்டது. நம்முடைய தென்னார்க்காட்டுச் சீமை இன்னும் சில வருஷங்கள் காத்திருந்தது. 1874-இல் தென்னிந்திய ரெயில்வே என்ற பெயரில் கம்பெனிகள் ஒன்றாயின. பிறகுதான், அந்த 1870-களின் பிற்பகுதியில், விழுப்புரத்திலிருந்து கடலூர் வழியாகத் தஞ்சாவூருக்குப் போகும் பாதை உருவாயிற்று. தாது வருஷப் பஞ்சம் என்று நம் கிழவிகள் சொல்லிக் கேட்டிருப்போமே, 1876 முதல் 1878 வரையில் ஜனங்களை வாட்டிய பஞ்சம், அதே காலம். சோற்றுக்கு இல்லாத நாளில் இரும்பு வந்தது.

ஒரு மீட்டர் அகலமுள்ள சிறிய பாதை. நெல்லிக்குப்பம், திருப்பாதிரிப்புலியூர், கடலூர் துறைமுகம், ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம் என்று வரிசையாக ஸ்டேஷன்கள். இந்த வரிசையை ராகம் போட்டு ஒப்பிக்காத பிள்ளை எங்கள் காலத்தில் இல்லை. எட்டாம் வாய்ப்பாட்டில் தடுமாறுகிறவன்கூட இதில் தடுமாற மாட்டான்.

நம் பிள்ளைகளின் முதல் பொம்மை ரெயில் கடையில் வாங்கியதல்ல. முன்னால் நிற்பவன் சட்டை வாலைப் பின்னால் நிற்பவன் பிடித்துக்கொண்டால் ரெயில். முதல் ஆள் எஞ்சின். கடைசி ஆள் கார்டு. எஞ்சினாக இருக்கிறவன் வாயால் புகை விடுவான். தீப்பெட்டிகளை நூலில் கோத்தால் கூட்ஸ் வண்டி. பனங்காய்ச் சக்கரம் வைத்த நுங்கு வண்டிக்கும் கூ என்று ஊதத் தெரியும். இந்த ரெயில்களுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் சண்டை வந்ததில்லை. மணி அடித்ததும் எஞ்சின் தானாகக் கலைந்து வகுப்புக்குப் போய்விடும்.

சண்டை வந்தது, ரெயில் கடைக்கு வந்த பிறகுதான். 1891-இல் ஜெர்மனியில் மார்க்ளின் என்ற கம்பெனி, லைப்ஸிக் சந்தையில், சாவி கொடுத்தால் ஓடும் ரெயிலைத் தண்டவாளத்தோடு கொண்டுவந்து வைத்தது. தண்டவாளத்துக்கு இன்ன அகலம் என்று அளவும் வகுத்தது. இதுதான் சூட்சுமம். அளவு ஒன்று என்று ஏற்பட்டுவிட்டால், இன்று ஒரு துண்டு பாதை, அடுத்த பிறந்த நாளுக்கு ஒரு பெட்டி, அதற்கடுத்த வருஷம் ஒரு சிக்னல் என்று சேர்த்துக்கொண்டே போகலாம். ஒரு நாளில் உடைந்துபோகும் பொம்மை, வருஷக்கணக்கில் வளரும் பொம்மையாயிற்று. பையன் வளர்ந்தாலும் விடாது.

இங்கிலாந்தில் லிவர்பூலில் பிராங்க் ஹார்ன்பி என்று ஒருவர் இருந்தார். இறைச்சி இறக்குமதிக் கம்பெனியொன்றில் கணக்கு எழுதும் குமாஸ்தா. தம் பிள்ளைகளுக்காகத் தகரத்தை வெட்டித் துளை போட்டு, திருகாணி வைத்து மாட்டி விளையாடும் துண்டுகளைச் செய்தார். எந்தத் துண்டையும் எதனோடும் மாட்டலாம். கழற்றி வேறொன்று செய்யலாம். 1901-இல் அதற்கு உரிமை வாங்கினார். அதுதான் பிறகு மெக்கானோ என்று உலகமெல்லாம் பெயர் பெற்றது. 1920-இல் சாவி ரெயில் செய்ய ஆரம்பித்தார். அவர் 1936-இல் இறந்து போனார். இரண்டு வருஷம் கழித்து, பாதி அளவில், மேஜை மேல் அடங்கும்படியான ரெயிலை அவருடைய கம்பெனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அந்தத் தண்டவாளத்தின் அகலம் பதினாறரை மில்லிமீட்டர். இன்று உலகத்தில் அதிகமாகப் புழங்குவது இந்த அகலந்தான்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்நியப் பொம்மைகளை இறக்குமதி செய்ய நம் சர்க்கார் கடுமையாகக் கட்டுப்பாடு வைத்தது. அந்தக் கட்டுப்பாடுகள் 2001-இல்தான் முழுக்கத் தளர்ந்தன. ஆகவே எங்கள் தலைமுறையில் கடலூர்ப் பையன் ஒருவனுக்கு நிஜமான மின்சாரப் பொம்மை ரெயில் வேண்டுமென்றால், அதற்கு ஒரே வழிதான். வெளிநாட்டில் ஒரு மாமா இருக்க வேண்டும்.

எனக்கு இருந்தார், சிங்கப்பூரில்.

நான் ஒன்பதாம் வகுப்பு படிக்கையில் மாமா லீவில் வந்தார். அம்மாவுக்குப் புடவை, அப்பாவுக்குக் கடிகாரம், எனக்கு ஒரு நீளமான அட்டைப்பெட்டி. பச்சை எஞ்சின் ஒன்று, பெட்டிகள் மூன்று, முட்டை வடிவத்தில் சுற்றி வரும் பாதை. அன்று இரவு மின்சாரம் நின்றுபோயிற்று. எஞ்சினை மடியில் வைத்துக்கொண்டு இருட்டில் விழித்திருந்தேன்.

ஒரு வாரத்தில் அந்த முட்டை வட்டம் அலுத்துவிட்டது. ரெயில் எங்கும் போகவில்லை. புறப்பட்ட இடத்துக்கே வருகிறது. எனக்கு அது சிதம்பரத்துக்குப் போக வேண்டும். அதைப் பற்றி எங்கள் கணக்கு உபாத்தியாயரிடம் கேட்டேன். எல்லா வாத்தியார்களும் ரெயில் என்ற சொல்லைக் கேட்டாலே பிரம்பைத் தேடிய காலத்தில், அவர் ஒருவர்தான் சாக்பீஸை எடுத்தார். "உன் எஞ்சின் நிஜத்தில் எழுபத்தாறில் ஒரு பங்கு. கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் சுமார் 40 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள். வகுத்துப் பார்" என்றார். வகுத்தேன். அரைக் கிலோமீட்டருக்கு மேல் வந்தது! "உங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரை பாதை போட வேண்டும். அப்பாவிடம் சம்மதம் கேட்டுக்கொண்டு வா" என்றார். வகுப்பே சிரித்தது. விகிதம் என்றால் என்ன என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. இன்றைக்கும் மறக்கவில்லை.

இன்னொன்றையும் அவர் காட்டினார். நிஜத்தில் எங்கள் ஊர்ப் பாதை ஒரு மீட்டர் அகலம். அதை எழுபத்தாறில் ஒரு பங்காக்கினால் பதின்மூன்று மில்லிமீட்டர். என்னிடம் இருப்பதோ பதினாறரை. ஆக, அந்தப் பொம்மைப் பாதை எங்கள் ஊர் ரெயிலுக்குப் பொருந்தாது. அது வெள்ளைக்காரன் ஊர் அகலத்தை மனத்தில் வைத்துச் செய்தது. எங்கள் ரெயில் வேண்டுமென்றால் நானே செய்துகொள்ள வேண்டியதுதான். செய்ய ஆரம்பித்தேன். சோப்புப் பெட்டியில் ஸ்டேஷன், துடைப்பக் குச்சியில் சிக்னல், தேங்காய் நாரில் மரம். சரித்திரப் புத்தகத்தின் நடுவே வெள்ளாற்றுப் பாலத்தின் படம். விஞ்ஞான ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில் பரங்கிப்பேட்டை யார்டு.

முடிவு என்ன ஆகும் என்பது வாசகர்களுக்குத் தெரிந்ததே. பத்தாம் வகுப்பு அரையாண்டுப் பரீட்சையில் இரண்டு பாடங்களில் தோற்றேன். மார்க் அட்டையை அப்பாவிடம் காட்டாமல் நானே கையெழுத்துப் போட்டேன். அது தெரிந்துபோயிற்று. அப்பா அடிக்கவில்லை. ரெயிலை ஒரு பழைய வேட்டியில் மூட்டை கட்டிப் பரணில் வைத்தார். "பரீட்சை முடியட்டும். எடுத்துத் தர்றேன்" என்றார்.

பரீட்சை முடிந்தது. தேறினேன். பதினொன்றாம் வகுப்பு. "இது முக்கியமான வருஷம்" என்றார்கள். அடுத்ததோ அதைவிட முக்கியம். பிறகு சிதம்பரத்தில் ஒரு கல்லூரி. மூட்டையைப் பற்றி அப்பா பேசவில்லை. நானும் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதற்குத்தான் இன்று வரையில் பதில் இல்லை. கையெழுத்து விஷயத்தில் எனக்கிருந்த வெட்கம் ஒரு காரணம். மீசை அரும்பும் வயசில் பொம்மையைக் கேட்பதா என்ற வீம்பு இன்னொரு காரணம்.

கல்லூரிக்குத் தினமும் சீஸன் டிக்கெட்டில் பாஸெஞ்சர் வண்டியில் போய் வந்தேன். இரண்டு வருஷம் போனேன்; பட்டம் வாங்காமல் வெளியே வந்தேன். அந்த இரண்டு வருஷத்தில் நான் உருப்படியாகப் படித்தது, ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து படித்ததுதான்.

ஒற்றைப் பாதை. எதிரே வண்டி வருகிறதென்றால் எங்கள் வண்டி ஒரு ஸ்டேஷனில் பக்கத்துப் பாதையில் ஒதுங்கி நிற்கும். 'கிராஸிங்' என்பார்கள். கிள்ளையில் இப்படி நின்ற நாட்கள் அநேகம். பிரயாணிகள் இறங்கிச் சுண்டல் வாங்குவார்கள். வேப்பமரத்தடியில் சீட்டுக் கச்சேரி தொடரும். தூரத்தில் ஊதல் கேட்கும். ஸ்டேஷன் சிப்பந்தி பெரிய வளையம் ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பிளாட்பாரத்தின் ஓரத்தில் நிற்பார். வளையத்தின் அடியில் ஒரு தோல் பை. எதிர் வண்டி நிற்காமலே வரும். டிரைவர் பக்கத்து ஆள் கையை நீட்டி இந்த வளையத்தைப் பிடுங்கிக்கொண்டு, தன்னிடமுள்ள வளையத்தை வீசி எறிவான். அது பிளாட்பாரத்தில் உருண்டு ஓடும். ஒருவர் துரத்திக்கொண்டு போய் எடுப்பார். அது ஸ்டேஷன் மாஸ்டரின் அறைக்குள் போய்ச் சேர்ந்த பிறகுதான் எங்களுக்கு விடுதலை.

ஒரு நாள் அந்தத் தோல் பைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்டேன். காட்டினார்கள். ஓர் இரும்புக் குண்டு! அவ்வளவுதான். அதற்குப் பெயர் டோக்கன்.

பக்கத்துப் பக்கத்து ஸ்டேஷன்கள் இரண்டிலும் ஒவ்வோர் யந்திரம். இரண்டையும் கம்பி இணைக்கிறது. இந்தப் பக்கத்து மாஸ்டர் கேட்டு, அந்தப் பக்கத்து மாஸ்டர் சம்மதம் கொடுத்தால்தான் ஒரு குண்டு வெளியே வரும். வெளியே வந்த குண்டு ஏதாவதொரு யந்திரத்துக்குள் திரும்பிப் போகிற வரையில் இரண்டாவது குண்டு எந்தப் பக்கத்திலும் வராது. தலைகீழாக நின்றாலும் வராது. குண்டு கையில் இல்லாமல் டிரைவர் வண்டியை எடுக்கக் கூடாது. ஆகவே இரண்டு ரெயில்கள் ஒரே பாதையில் எதிரெதிராகச் சந்திக்க இடமில்லை.

இந்த ஞானம் சும்மா வரவில்லை. தென்னிந்திய ரெயில்வே உண்டான அதே 1874-ஆம் வருஷம், செப்டம்பர் 10-ஆம் தேதி இரவு, இங்கிலாந்தில் நார்விச் நகருக்கருகே தார்ப் என்ற இடத்தில், ஒற்றைப் பாதையில் இரண்டு ரெயில்கள் முட்டிக்கொண்டன. தந்தி அனுப்பியவர்களுக்குள் ஏற்பட்ட தவறான புரிதலால் இரண்டு வண்டிகளுக்கும் அனுமதி போய்விட்டது. 25 பேர் மாண்டார்கள். அதன் பிறகு எட்வர்ட் டயர் என்பவர் யோசித்து, 1878-இல், இந்த மாதிரியான மின்சார யந்திரத்துக்கு உரிமை பெற்றார். கிள்ளையில் நான் பார்த்த இரும்புக் குண்டு அந்த வம்சத்தில் வந்தது.

படிப்பும் ஆசையும் ஒரே ஒற்றைப் பாதையில்தான் ஓட வேண்டியிருக்கின்றன. பையனுக்கு இருப்பது ஒரு மனசு, ஒரு மாலை வேளை. இரண்டு வண்டிகளையும் ஒரே சமயத்தில் விட்டால் முட்டிக்கொள்ளும். என் அரையாண்டுப் பரீட்சை ஒரு சின்ன தார்ப். அதற்காக ஒரு வண்டியை ரத்து செய்துவிடு என்று எந்த ரெயில்வேக்காரனும் சொல்லவில்லை. ஒன்று ஒதுங்கி நிற்கட்டும், மற்றது போகட்டும், பிறகு நின்றதும் போகட்டும் என்றுதான் ஏற்பாடு செய்தான்.

ஒதுங்கவே மாட்டேன் என்று போன வண்டிகளும் உண்டு. அமெரிக்காவில் மாஸசூஸெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் என்ற பிரசித்தி பெற்ற கல்விச்சாலை இருக்கிறது. அங்கே 1946-இல் மாணவர்கள் பொம்மை ரெயில் சங்கம் ஒன்று வைத்தார்கள். சங்கத்தில் இரண்டு கட்சி. மேஜைக்கு மேலே ரெயிலுக்கு வர்ணம் பூசி, மலையும் மரமும் வைப்பவர்கள் ஒரு கட்சி. மேஜைக்கு அடியில் படுத்துக்கொண்டு, பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சுச் சாமான்களை வைத்து, எந்த ரெயில் எந்தப் பாதையில் போவது என்று தீர்மானிக்கும் கம்பிகளைப் பின்னுகிறவர்கள் மற்றொரு கட்சி. 40 மணி நேரம் உழைத்தவனுக்கு அறையின் சாவி கிடைக்கும். அந்த அடிமேஜைக் கட்சிதான் 1950-களின் கடைசியில் கழகத்துக்கு வந்த கம்ப்யூட்டர்களின் முன்னால் இரவெல்லாம் போய் உட்கார்ந்தது. இன்று நாம் பத்திரிகையில் படிக்கும் 'ஹாக்கர்' என்ற சொல்லை அந்த அர்த்தத்தில் புழங்கவிட்டவர்கள் அவர்கள்தாம். 1962-இல் கம்ப்யூட்டர் திரையில் 'ஸ்பேஸ்வார்' என்ற ஆட்டத்தை உண்டாக்கியதிலும் அந்தச் சங்கத்தாருக்குப் பங்குண்டு.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அவர்களில் ரிச்சர்ட் கிரீன்பிளாட் என்ற மாணவர் முதல் வருஷம் நன்றாகத் தேறிவிட்டு, பிறகு கம்ப்யூட்டரே கதியென்று கிடந்ததால் பரீட்சையில் தோற்று வெளியே போக நேர்ந்தது. அதே கழகம் அவரைப் பின்னால் வேலைக்கு வைத்துக்கொண்டது. 1967-இல் அவர் எழுதிய நிரல், மனிதர்கள் ஆடும் சதுரங்கப் பந்தயத்தில் கலந்துகொண்டு ஒரு மனிதரையே வென்றது.

அவ்வளவு தூரம் போவானேன்? எங்கள் பாதையில் சிதம்பரத்தைத் தாண்டிப் போனால் கும்பகோணம். அங்கே 1904-இல் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தோடு சேர்ந்த ராமாநுஜன், கணிதத்தைத் தவிர வேறு புத்தகத்தைத் தொடாமல் அந்தச் சம்பளத்தை இழந்தார். 1905-இல் வீட்டைவிட்டு விசாகப்பட்டினத்துக்கு ஓடினார். சென்னையில் மறுபடி படித்து, 1906-லும் 1907-லும் எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். பிறகு எங்கள் தென்னார்க்காட்டுத் திருக்கோவலூருக்கு நோட்டுப் புத்தகத்தோடு வந்து, டெபுடி கலெக்டராக இருந்த கணித அபிமானி ராமசாமி ஐயரைப் பார்த்தார். அங்கிருந்துதான் வழி திறந்தது. கேம்பிரிட்ஜ் போனதெல்லாம் பின்னால்.

இந்தக் கதைகளை நம் வீட்டுப் பிள்ளைகளிடம் சொல்லும்போது ஜாக்கிரதை வேண்டும். ராமாநுஜன் தோற்றதால் பெரியவராகவில்லை, தோற்றும் பெரியவரானார். நடுவில் பட்ட பசியும் அவமானமும் எத்தனை! திருக்கோவலூரில் ஒரு ராமசாமி ஐயர் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும்? பரீட்சையில் தோற்ற பையன்கள் ஆயிரம் பேர். திருக்கோவலூரில் கதவைத் திறந்த டெபுடி கலெக்டர் ஒருவர். ஜெயகாந்தனைச் சாட்சிக்கு அழைத்த பையனுக்கும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

ஆனால் காத்திருந்து போன வண்டியும் உண்டு. புனே நகரில் ஜோஷி என்பவர் தம் தொழிலையும் நடத்திக்கொண்டு, பொம்மை ரெயில் ஆசையையும் விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். 1998-இல் அவருடைய சின்ன ரெயில் உலகம் ஒரு காட்சிசாலையாகவே திறக்கப்பட்டது. ஊரும் தெருவும் சிக்னலுமாக அந்த ரெயில்கள் ஓடுவதைப் பார்க்கக் குழந்தைகள் வரிசையில் நிற்கிறார்கள். அந்த வண்டி எத்தனை ஸ்டேஷன்களில் ஒதுங்கி நின்றதோ! ஆனால் அதை யாரும் மறந்துவிடவில்லை.

என் வண்டியை மறந்துவிட்டார்கள்.

2006-ஆம் ஆண்டு முடிவில் எங்கள் சிறிய பாதையை அகலப் பாதையாக்குவதற்காக மூடினார்கள். அந்தச் சமயத்தில் வீட்டுக்கு வெள்ளையடிப்பதற்காகப் பரணைக் காலி செய்தோம். உடைந்த அரிக்கன் விளக்கு, பித்தளை அண்டா, கொலு பொம்மைப் பெட்டி, கடைசியாக அந்த வேட்டி மூட்டை. பிரித்தேன். கடலூரின் உப்புக்காற்று உலோகத்தை விட்டுவைக்குமா? தண்டவாளம் பழுப்பேறி இருந்தது. எஞ்சினின் சக்கரம் அசையவில்லை. சோப்புப் பெட்டி ஸ்டேஷனைக் கரையான் தின்றிருந்தது.

அப்பா ரிடையராகியிருந்தார். மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு எஞ்சினைக் கையில் வாங்கினார். வேட்டி நுனியால் துடைத்தார். சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்த்தார்.

"பரீட்சை முடிஞ்சதும் தர்றேன்னு சொன்னேன் இல்லே?" என்றார்.

"ஆமாம்ப்பா."

"மறந்தே போச்சு. நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேடா."

அதற்கு மேல் அவர் பேசவில்லை. சிறிது நேரம் எஞ்சினைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அதைத் தூக்கிப் போட இருவருக்கும் மனம் வரவில்லை. இப்போது அது என் எழுதும் மேஜையில், காகிதம் பறக்காமலிருக்கப் பாரமாக இருக்கிறது.

அப்பா அன்று செய்தது தவறில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன். வண்டியை நிறுத்தியது சரி. ஆனால் நிறுத்தியவருக்கு இன்னொரு கடமையும் உண்டு. எதிர் வண்டி போனதும் ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குள் போய்த் தூங்கிவிட்டால், லூப் லைனில் நிற்கும் வண்டி என்ன செய்யும்? நெருப்பு அணைந்து, நீர் வற்றி, இரும்பாகப் போகும். மாஸ்டர் மறந்தால் வண்டியிலிருந்து ஊத வேண்டும். நான் ஊதவில்லை. இரண்டு பக்கத்திலும் சம்மதம் கிடைத்தால்தான் குண்டு வெளியே வரும் என்பது யந்திரத்துக்கு மாத்திரம் உள்ள விதியா?

எட்டாவது நாள் மஞ்சக்குப்பத்துக்குப் போனேன். பழைய சைக்கிள் பிரேக் கம்பியை வளைத்து ஒரு வளையம் செய்து எடுத்துக்கொண்டு போயிருந்தேன். அப்பாவையும் பிள்ளையையும் எதிரெதிரே உட்கார வைத்து, கிள்ளையின் கதையைச் சொன்னேன். வளையத்தைக் கூடத்து ஆணியில் மாட்டினேன்.

"தினம் ராத்திரி எட்டு மணி வரையில் வளையம் அப்பாவிடம். கணக்கு நோட்டைக் காட்டினால் வளையம் உன்னிடம். அரை மணி நேரம் ரெயில் உன்னுடையது. அப்பா வாயைத் திறக்கக் கூடாது. போர்வைக்குள் டார்ச் லைட் கிடையாது. குண்டு இல்லாமல் வண்டி எடுத்தால் விபத்து. பரீட்சைக்கு முன்னால் இரண்டு மாதம் வண்டி லூப் லைனில். சரிதானா?"

நண்பர் தலையை ஆட்டினார். பையன் ஆட்டவில்லை. வளையத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"பரீட்சை முடிஞ்சப்புறம்?" என்றான்.

"அப்புறம் தர்றேன்டா" என்றார் அப்பா.

"என்னைக்குப்பா?"

நண்பர் என்னைப் பார்த்தார். நான் சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தேன். அவர் எழுந்து, பேனாவை எடுத்து, தாள்களை ஒரு கற்றையாகத் தூக்கிப் பிடித்து, பரீட்சை முடியும் தேதியைத் தேடினார். அந்தத் தாளில் ஒரு வட்டம் போட்டு, கீழே தம் கையெழுத்தையும் போட்டார். பையன் பேனாவை வாங்கிப் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டான்.

நான் காபியைக் குடித்துவிட்டு, 'கிள்ளை'யை மிதிக்காமல் தாண்டி, வாசலுக்கு வந்தேன்.